பத்தலன்னா ரெண்டு

கல்யாணமாகி 1989-இல் நான் திருவண்ணாமலைக்கு வந்தபோது, அந்த வீட்டில் என்னை முதலில் பயமுறுத்தியது என் மாமியாரின் தூக்கம்தான். இரவு ஒன்பது மணிக்கு விளக்கை அணைப்பார். தலை சாய்த்த நிமிடத்தில் தூங்கிவிடுவார். காலை நாலரைக்குத் தானாகவே எழுந்து, வாசல் தெளித்துவிட்டு, "இன்னும் எழுந்துக்கலயா?" என்று எங்கள் அறைக் கதவைத் தட்டுவார். அந்தக் கேள்வி எனக்கு மட்டும்தான். மகனை அவர் ஒருநாளும் எழுப்பியதில்லை.

அடுத்த வருடம் எனக்குப் பெண் பிறந்தாள். நாலு மாதம்வரை ராத்திரி முழுக்க அழுத குழந்தை அது. தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடப்பேன். ஒருநாள் ராத்திரி மாமியாரின் அறைக்குப் போய், "அத்தை, ஒரு அரை மணி நேரம் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். "புள்ள அழுதா பெத்தவதான் முழிச்சிருக்கணும். ஊரையே எழுப்பினா எப்படி?" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் கெட்டவர் என்று இதைச் சொல்லவில்லை. அவர் மாமியாரும் அவரிடம் அப்படித்தான் நடந்திருப்பார். ஆனால் நான் மறக்கவில்லை.

அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் படித்து அமெரிக்கா போய்விட்டார். இளையவர் என் கணவர், மின்வாரியத்தில் வேலை. நான் கீழ்பென்னாத்தூரில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. காலை ஏழரை பஸ்ஸைப் பிடித்தால்தான் மணி அடிப்பதற்குள் போய்ச் சேர முடியும். பன்னிரண்டு வருடம் அந்த வீட்டில் சமைத்து வைத்துவிட்டு அந்த பஸ்ஸைப் பிடித்தேன்.

2001-இல் மாமியாரின் நினைவு தடுமாற ஆரம்பித்தது. முதலில் பெயர்கள் போயின. பிறகு காலையும் மாலையும் குழம்பின. கடைசியாகத் தூக்கம் போனது. பகலில் நாற்காலியிலேயே தலை தொங்கிக் கிடப்பார். ஊர் அடங்கியதும் எழுந்து உட்கார்ந்துகொள்வார். பீரோவைத் திறந்து புடவைகளை எல்லாம் தரையில் போட்டு மறுபடி மடிப்பார். செத்துப்போன மாமனாருக்குச் சோறு போட வேண்டும் என்று அடுப்பைப் பற்ற வைப்பார். ஒருமுறை பாத்திரம் கருகி வீடே புகையான பிறகு, சிலிண்டரை மூடிவிட்டுச் சமையலறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் பக்கத்திலேயே பாய் போட்டு, என் புடவைத் தலைப்பை அவர் மணிக்கட்டில் முடிந்துகொண்டு படுப்பேன். அவர் எழுந்தால் எனக்குத் தெரிய வேண்டும்.

கணவர் முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே தூங்குவார்.

"ரெண்டு நாளைக்கு ஒருக்கா நீங்க பக்கத்துல படுங்களேன்" என்று கேட்டேன்.

"நான் கரண்டுல கைய வெக்கிறவன்டி. தூக்கக் கலக்கத்துல ஏடாகூடமா எதனா ஆச்சுன்னா?"

அவர் கம்பம் ஏறுகிறவர் இல்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து பில் எழுதுகிறவர். அதை நான் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும், சண்டை போடுவதற்குக்கூட எனக்கு விழித்திருக்கும் தெம்பு இல்லை.

மகளால் வீட்டில் படிக்க முடியவில்லை. அவளை வேலூரில் விடுதியுள்ள ஒரு பள்ளியில் சேர்த்தோம். அவள் பெட்டியோடு ஏறிப் போன அன்று, அவளுக்காவது ராத்திரி தூக்கம் கிடைக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. பெண்ணைப் பிரிகிறோம் என்ற வருத்தம்கூட அதற்குப் பிறகுதான் வந்தது.

அந்த வருடம் நான் நாலாம் வகுப்புக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மதியம் பிள்ளைகளுக்குக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் நினைவு. யாரோ மேசையைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தால் தலைமை ஆசிரியர் நிற்கிறார். வகுப்பு முழுக்கச் சத்தமே இல்லை. நாற்பது பிள்ளைகளும் வாயில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் எழுந்துவிடக் கூடாது என்று தங்களுக்குள்ளேயே பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"உங்க கிளாஸ் மட்டும் அமைதியா இருந்துச்சு. அதான் இன்னா விஷயம்னு வந்து பாத்தேன்" என்றார் தலைமை ஆசிரியர்.

எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். கொடுத்தேன். 'உடல்நலக் குறைவு' என்று எழுதினேன். யாருடைய உடல்நலம் என்று எழுதவில்லை.

எங்கள் வீடு செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில் இருந்தது. பௌர்ணமி என்றால் கிரிவலம் வருகிற கூட்டம் தெரு முனையில் ஆறு மாதிரி விடிய விடியப் போகும். 2002-இல் ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலை நான் கண் விழித்தபோது நன்றாக வெளிச்சம் வந்திருந்தது. என் புடவைத் தலைப்பு முடிச்சு அவிழ்ந்து பாயில் கிடந்தது. வாசல் கதவு திறந்திருந்தது. மாமியாரைக் காணவில்லை.

தெருவெல்லாம் தேடினோம். பஸ் நிலையம்வரை கணவர் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தார். போலீஸில் சொன்னோம். "பௌர்ணமியில காணாமப்போன கெழவிங்களா? உக்காருங்க, லிஸ்ட் இருக்குது" என்றார் அங்கிருந்தவர். நான் ரோட்டோரமாகவே நடந்து, பார்த்தவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டே போனேன். அடிஅண்ணாமலை பக்கம் ஒரு டீக்கடையில், பெஞ்சில் உட்கார்ந்து மாமியார் பன்னை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். செருப்பு இல்லாத கால்கள் இரண்டிலும் கொப்புளம் உடைந்திருந்தது.

"கூட்டத்தோட கூட்டமா வந்தாங்க. ராத்திரியில வயசானவங்க எத்தினி பேரு நடக்கறாங்க. காணாமப்போனவங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் டீக்கடைப் பெண்.

தெருவில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். நினைவு இல்லாமலே மலையைச் சுற்றப் போனாரே, என்ன புண்ணியம் என்றார்கள். ஒரு அம்மாள் காலைத் தொட்டுக்கூடக் கும்பிட்டார். அந்தக் கால்களை வெந்நீரில் கழுவி மருந்து போட்டது நான். அன்று எனக்கு ஊதியமில்லா விடுப்பு.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அமெரிக்காவிலிருந்து போன் வந்தது. கணவர் நடந்ததைச் சொல்லிவிட்டு ரிசீவரை என்னிடம் கொடுத்தார்.

"எப்படிம்மா விட்டீங்க?" என்றார் கணவரின் அண்ணன். "வீட்ல ரெண்டு பேரு இருக்கீங்க. ஒரு கதவ பூட்ட மாட்டீங்களா?"

"பூட்டித்தான் மாமா இருந்தோம். அவங்களே தொறந்துக்கினாங்க. அவங்க தூங்கறதே இல்ல. அதான் பிரச்சினை."

"தூங்கலயா? இத ஏன் முன்னாடியே சொல்லல?"

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லியிருந்தேன்.

"மெலடோனின்னு ஒரு மாத்திர இருக்கு. இங்க கடையில டாக்டர் சீட்டு இல்லாமலே குடுப்பான். மருந்துன்னுகூடச் சொல்ல மாட்டாங்க, சத்து மாத்திர மாதிரி. ராத்திரியானா நம்ம மூளையிலயே சுரக்கறதுதான் அது. நானே போட்டுக்கறேன். எங்க ஆபீஸ்ல ஒருத்தங்க அங்க ஆசிரமத்துக்கு வர்றாங்க. அவங்ககிட்ட குடுத்தனுப்பறேன்."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

"நம்மூரு டாக்டருக்கு இதெல்லாம் தெரியாதும்மா."

"எத்தினி குடுக்கணும் மாமா?"

"ஒண்ணு."

"ஒண்ணுல தூங்கலன்னா?"

"பத்தலன்னா ரெண்டு."

கணவர் என் எதிரில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். "ஒண்ணு, பத்தலன்னா ரெண்டு. சரிங்க மாமா." அவர் தலையை ஆட்டினார்.

மூன்று வாரம் கழித்து அண்ணனின் ஆபீஸில் வேலை பார்க்கும் அந்த அம்மாள், ஒரு வெள்ளைக்காரி, வந்து சேர்ந்தாள். பள்ளி முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி, அவள் தங்கியிருந்த வாடகை அறைக்கு நேராகப் போனேன். ஒரு கட்டில், ஒரு கொசுவலை, ஒரு மேசை. அமைதி வேண்டும் என்று அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறாள். எனக்கு அந்தக் கட்டிலில் பத்து நிமிடம் படுத்துக்கொள்ளலாமா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. அவள் வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை என் கையில் கொடுத்து, உங்கள் கணவரின் அண்ணன் தன் அம்மாவின் மேல் உயிரையே வைத்திருக்கிறார் என்று ஆங்கிலத்தில் மெதுவாக, எனக்குப் புரியும்படி சொன்னாள். "தேங்க் யூ" என்றேன்.

வழியில் மருந்துக்கடையில் பாட்டிலைக் காட்டிக் கேட்டேன். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு லேபிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது நம்மகிட்ட வர்றதில்லீங்க. அமெரிக்கா சரக்கு. அனுப்பினவரையே கேட்டுக்கங்க." டாக்டரிடம் காட்டிவிட்டுக் கொடுக்கலாம் என்று கணவரிடம் சொன்னேன். "அண்ணனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போவுது?" என்றார்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் மாமியார் கொட்டாவி விட்டார். படுத்தார். தூங்கினார். நான் தூங்கவில்லை. அடிக்கடி அவர் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளும் தூங்கினார். மூன்றாம் நாள் நானும் தூங்கினேன்.

அடுத்த பத்து பன்னிரண்டு நாட்களைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். பஸ்ஸில் ஜன்னல் வழியாக நிலக்கடலை வயலைப் பார்த்தேன். வகுப்பில் பிள்ளைகளோடு சேர்ந்து சிரித்தேன். ஒருநாள் குழம்பு நன்றாக இருக்கிறது என்று கணவர் சொன்னார். இத்தனைக்கும் காரணம் ஐந்தாறு மணி நேரத் தூக்கம். வேறொன்றும் இல்லை. ஒரு மனுஷிக்கு இவ்வளவுதான் தேவையாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

பிறகு ஒரு மாத்திரை பத்தவில்லை. மாமியார் மறுபடி எழுந்து உட்கார ஆரம்பித்தார். இரண்டு கொடுத்தேன். ஒரு வாரம் தாக்குப்பிடித்தது. அப்போது ஆண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது. விடைத்தாள் கட்டு ஒரு பக்கம், மதிப்பெண் பட்டியல் ஒரு பக்கம். மூன்று ராத்திரி தொடர்ந்து அவர் என்னைத் தூங்க விடவில்லை. நாலாம் நாள் ராத்திரி பாட்டிலைக் கையில் இரண்டு தட்டுத் தட்டினேன். இரண்டு விழுந்தது. இன்னும் ஒரு தட்டுத் தட்டினேன். மூன்றாவது விழுந்தது.

கைத் தவறு இல்லை. தெரிந்துதான் தட்டினேன். கொடுக்கும்போது, "இதப் போட்டுக்கினு தூங்கு, என்ன விட்டுடு" என்று சொன்னேன். அத்தை என்றுகூடச் சொல்லவில்லை. அவர் குழந்தை மாதிரி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்.

காலையில் நான் எழுந்தபோது அவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். குக்கர் வைத்துவிட்டுக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். குளியலறையில் எதுவோ விழுகிற சத்தம் கேட்டது. ஓடினேன். தூக்கக் கலக்கத்திலேயே எழுந்து வந்திருக்கிறார். தரையில் ஒரு பக்கமாகக் கிடந்தார். அழவில்லை. வலிக்கிறது என்றும் சொல்லவில்லை. "இன்னும் விடியலயா?" என்று கேட்டார்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்ன மாத்திர சாப்பிடறாங்க?" என்று கேட்டார். பிரஷர் மாத்திரையைச் சொன்னேன். அமெரிக்கா மாத்திரையையும் சொன்னேன்.

"எவ்ளோ குடுத்தீங்க?"

கணவர் என்னைப் பார்த்தார்.

"ரெண்டு" என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். "இதனாலதான் விழுந்தாங்கன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. இந்த வயசுல மாத்திர போடாதவங்களும் விழுவாங்க. ஆனா கேக்காம குடுத்தது தப்பு" என்றார். இதயம் தாங்காது என்பதால் ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் அண்ணன் என்னைக் கூப்பிடச் சொன்னார்.

"ரெண்டு குடுத்தியாமே?"

"நீங்கதான மாமா சொன்னீங்க, பத்தலன்னா ரெண்டுன்னு."

"நான் ஒண்ணுதானே சொன்னேன்? ரெண்டுன்னு நான் எப்பச் சொன்னேன்?"

நான் கணவரைப் பார்த்தேன். அன்று உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். "சொல்லுங்க. அன்னிக்கு நான் திருப்பிச் சொன்னேன்ல? நீங்க கேட்டீங்கல்ல?" என்றேன். அவர் எழுந்து போய் வாசல் லைட்டைப் போட்டார். நல்ல வெளிச்சம் இருந்த நேரம் அது.

அண்ணன் பொய் சொன்னார். நானும் பொய்தான் சொல்லியிருந்தேன். அதனால் என்னால் கோபத்தில் கத்தவும் முடியவில்லை. "சரிங்க மாமா" என்று சொல்லி ரிசீவரை வைத்தேன்.

மாமியார் நாலு மாதம் படுக்கையில் இருந்தார். பள்ளிக்கு நீண்ட விடுப்புப் போட்டேன். துடைத்தேன், புரட்டிப் போட்டேன், ஊட்டினேன். எழுந்து நடக்க முடியாததால் இப்போது கதவைப் பூட்டத் தேவையில்லை, புடவைத் தலைப்பை முடியத் தேவையில்லை. அவர் விழித்தே கிடந்தாலும் நான் தூங்கலாம். ஆனால் எனக்கு வரவில்லை. அவர் கண் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள், "யாரும்மா நீ? தூங்கலயா?" என்று மிகவும் அன்பாகக் கேட்டார். அத்தனை வருடத்தில் அப்படி ஒரு குரலில் அவர் என்னிடம் பேசியதே இல்லை. யார் என்று தெரியாததால்தான் அந்தக் குரல் வந்தது.

ஆவணி மாதம் அவர் இறந்தார். அண்ணனுக்கு விமானச் சீட்டு கிடைக்கவில்லை. தம்பிதான் கொள்ளி வைத்தார். அண்ணன் வந்து சேர்ந்தபோது நாலு நாள் ஆகியிருந்தது. வாசலிலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். பிறகு சாப்பிட்டார். பகல் முழுக்கத் தூங்கினார். ராத்திரி முழுக்க வீட்டுக்குள் நடந்தார், பிரிட்ஜைத் திறந்து திறந்து மூடினார். அமெரிக்க நேரம் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் நானும் கணவரும் கூடத்தில் உட்கார்ந்து கருமாதிக்கு யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். அண்ணன் வந்தார்.

"நான் அனுப்புன பாட்டில் இருக்காம்மா?"

எடுத்து வந்து கொடுத்தேன். மூடியைத் திறந்து உள்ளங்கையில் தட்டினார். எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். நான் பார்த்தேன், மூன்று.

"ஒண்ணுதான போடணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணெல்லாம் எனக்கு எங்க பத்தும்?" என்றார். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "நான் பழக்கப்பட்டவன். அம்மா வயசானவங்க. அதுவும் இதுவும் ஒண்ணா?" என்று சொல்லிக்கொண்டே அறைக்குள் போய்விட்டார். விடியும்வரை அவர் குறட்டை கூடம்வரை கேட்டது.

கருமாதி முடிந்து அவர் கிளம்பினார். போகும்போது சொந்தக்காரர்கள் இருந்த இடத்தில், "இவளும் பாவம், தெரியாம செஞ்சுட்டா. அவமேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல" என்றார். எல்லோரும் அவருடைய பெருந்தன்மையைப் பாராட்டினார்கள். அன்றிலிருந்து எங்கள் உறவில் நான், மாமியாருக்கு மாத்திரை கொடுத்தவள். மகளின் பூப்பு நீராட்டு விழாவில்கூட ஒரு பெரியம்மா என்னைக் காட்டி அப்படித்தான் யாரிடமோ சொன்னாள். என் காதில் விழட்டும் என்றே சொன்னாள்.

மூன்று என்பதை நான் நாலு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. 2006-இல் ஒரு கல்யாணத்துக்காக நானும் கணவரும் வேலூர் போய்க்கொண்டிருந்தோம். பஸ்ஸில் கூட்டம் இல்லை. கண்ணமங்கலம் தாண்டும்போது சட்டென்று சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு ரெண்டு இல்லீங்க. மூணு குடுத்தேன்."

அவர் ஜன்னல் பக்கமிருந்து திரும்பவில்லை.

"தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"நீ அம்மாகிட்ட பேசனது கேட்டுச்சு. பாட்டில மூணு தட்டு தட்டினதும் கேட்டுச்சு."

"அப்ப நீங்க தூங்கலயா?"

முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "எனக்கு மட்டும் எங்க தூக்கம் வந்துச்சு? அம்மா எழுந்து நடந்தா எனக்கும் முழிப்பு வரும். படுத்திருப்பேன்" என்றார்.

ஒரு வருடத்துக்கு மேல், ஒவ்வொரு ராத்திரியும், மாமியாரை இழுத்து உட்கார வைத்துக்கொண்டு நான் தனியாகப் போராடியபோது, பத்தடி தூரத்தில் அவர் விழித்துக்கொண்டு படுத்திருக்கிறார். நான் அழுததும் கேட்டிருக்கும். அவர் தூங்குகிறார் என்று நினைத்து, நான் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன்.

வேலூரில் இறங்கினோம். கல்யாணத்தில் மொய் எழுதினோம், சாப்பிட்டோம், மணமக்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். அந்தப் போட்டோவில் இருவரும் நன்றாகவே இருக்கிறோம்.

மறு வருடம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. போளூர் பக்கம் ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியை. திருவண்ணாமலையிலிருந்து தினமும் போய் வரக்கூடிய தூரம்தான். நான் அங்கேயே ஒரு அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, சனி ஞாயிறு மட்டும் வருவதாகச் சொன்னேன்.

"அரை மணிக்கு ஒரு பஸ் இருக்குதே, எதுக்கு ரூமு?" என்றார் கணவர்.

"பஸ் இருக்குதுதான். ரூமும் வேணும்" என்றேன்.

அவர் மேலே கேட்கவில்லை. கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். போளூரில் நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொன்னால் அது பொய். ராத்திரி இரண்டு மணிக்கு அங்கேயும் விழிப்பு வந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு விடைத்தாள் திருத்துவேன். ஒன்று மட்டும் சௌகரியமாக இருந்தது. அந்த அறையில் நான் விழித்திருக்கிறேன் என்றால், விழித்திருப்பது நான் ஒருத்திதான்.